கப்பலா? விமானமா?

இலங்கை போகும் கீழக்கரைக் குடும்பத்துக்கு எது சிக்கனம்? எது சுகம்?

கீழக்கரைக்குச் சென்னை பக்கமா, கொழும்பு பக்கமா?

சென்னைதான் என்று சிறுவர்கள் சொல்வார்கள். ஆனால் படத்தை விரித்து, நூல் பிடித்து அளந்து பார்த்தால் விடை வேறு. சென்னை சுமார் 450 கிலோமீட்டர். கொழும்போ சுமார் 280 கிலோமீட்டர்தான்!

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போவது எப்படி? ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது. ரயில் ஏற வேண்டியது. மற்றதை ரயிலும் கப்பலும் பார்த்துக்கொள்ளும். இன்று அப்படி இல்லை. மதுரைக்குப் போய் விமானம் ஏறுவதா? திருச்சிக்குப் போவதா? நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவதா? இதுதான் இப்போது பல வீடுகளில் பேச்சு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய உம்மா. ஆக ஐந்து பேர். உம்மாவின் உறவினர் கொழும்பில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணமும் கண்டியும் பார்க்க ஆசை. கையில் இருப்பதோ அளவான பணம். அவர்கள் எந்த வழியில் போவது?

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

உம்மா சிறுமியாக இருந்தபோது இருந்த வழியை முதலில் பார்க்கலாம்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு சென்னை எழும்பூரில் மாலையில் ரயில் ஏறியவர் மறு நாள் தனுஷ்கோடியில் இறங்குவார். அங்கே கப்பல் தயாராக நிற்கும். கடலில் சுமார் 22 மைல் தூரம். அக்கரையில் தலைமன்னார். அங்கேயும் ரயில் நிற்கும். அதில் ஏறிப் படுத்தால் விடியும்போது கொழும்பு! இதற்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட். அதற்குத்தான் 'போட் மெயில்' என்று பெயர்.

அன்றும் தொல்லை இல்லாமல் இல்லை. மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழைத் தொழிலாளர்கள் அங்கே காத்துக் கிடந்தார்கள். ஆனாலும் வழி ஒன்றாக இருந்தது. மக்கள் அதை நம்பினார்கள்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு அந்த வழி அழிந்தது. பெரும் புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாம்பன் பாலமும் சேதமடைந்தது. அதை 46 நாட்களில் சரி செய்துவிட்டார்கள். ஆனால் தனுஷ்கோடி மீளவில்லை.

பிறகு ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. அக்கரையிலும் 2015 மார்ச் மாதமே தலைமன்னார் வரை ரயில் பாதை மீண்டும் போடப்பட்டுவிட்டது. இந்தப் பக்கம் ராமேசுவரம் வரை ரயில். அந்தப் பக்கம் தலைமன்னார் வரை ரயில். நடுவில் உள்ள கொஞ்சம் கடலுக்குத்தான் கப்பல் இல்லை!

நாகையில் வந்த கப்பல்

கப்பல் வேறு இடத்தில் வந்தது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணம் அருகே உள்ள காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியது. பெயர் 'செரியாபாணி'. 150 பேர் போகலாம். தூரம் சுமார் 110 கிலோமீட்டர். நேரம் ஏறக்குறைய நாலு மணி.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்தது. அந்த ஆண்டுக்குக் கப்பல் நின்றுவிட்டது. 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவும் மழைக் காலத்தில் நின்றது; 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது.

இதிலிருந்து குடும்பஸ்தர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கப்பலை நம்பித் திட்டம் போடக்கூடாது.

கட்டணம் எவ்வளவு? 2023ல் முதல் நாள் சலுகைக் கட்டணம் ரூ.2,800 என்றார்கள். ஆனால் வழக்கமான கட்டணம் வரியுடன் ரூ.7,670. பத்திரிகையில் சலுகைக் கட்டணத்தைப் படித்துவிட்டு ஒரு குடும்பம் புறப்பட்டிருந்தால் என்ன ஆகும்? ஐந்து பேருக்கு ரூ.14,000 என்று எண்ணி வந்தவர் ரூ.38,350 கொடுக்க வேண்டியிருக்கும்! அடுத்த ஆண்டு கட்டணம் குறைக்கப்பட்டது. எப்படியானாலும், ஒரு ஆளுக்கு உள்ள வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஐந்தால் பெருக்கினால்தான் அதன் கனம் தெரியும்.

விமானம் பறக்கும் நேரம் மட்டும் போதுமா?

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். 'ஒரு மணி நேரத்தில் கொழும்பு!' என்று சொல்லத் தோன்றும். ஆனால் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர். வழியில் காப்பி குடித்தால் மூன்று மணி நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகவே போய்விடுவது நல்லது. பறப்பது ஒரு மணி. கட்டுநாயக்காவில் இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி. அங்கிருந்து கொழும்பு நகருக்கு இன்னொரு மணி. ஆக மொத்தம் ஒன்பது மணி நேரம்!

கப்பல் வழியில் என்ன கணக்கு? கீழக்கரையிலிருந்து நாகை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மணி நேரம் பிடிக்கும். சோதனைகளுக்கு இரண்டு மணி. கடலில் நாலு மணி. காங்கேசன்துறையில் வெளியே வர ஒரு மணி. ஆக பன்னிரண்டு மணி. அங்கிருந்து கொழும்புக்கு ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் இன்னும் ஏழெட்டு மணி. மொத்தம் இருபது மணி. கப்பல் காலையில் புறப்படுவதானால் முதல் நாள் இரவே நாகையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். அந்த வாடகையும் கப்பல் செலவில்தான் சேரும்.

ஆகவே கொழும்பு மட்டும் போவதானால் விமானமே மேல். சந்தேகமில்லை.

யாழ்ப்பாணம் மட்டும் என்றால் கணக்கு மாறுகிறது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் தொடங்கியது. கீழக்கரையிலிருந்து திருச்சி நாலரை மணி. காத்திருக்க மூன்று மணி. பறக்க ஒரு மணி. வெளியே வர ஒரு மணி. மொத்தம் ஒன்பதரை மணி. கப்பலுக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டரை மணிதான். இங்கே கட்டணமும் மூட்டையின் எடையும் பார்த்து முடிவு செய்யலாம். சிறிய விமானங்களில் மூட்டைக்குக் கட்டுப்பாடு அதிகம். கப்பலில் 2023ல் ஒருவருக்கு 50 கிலோ வரை அனுமதித்தார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஐரோப்பாவில் எப்படி?

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கும் குடும்பங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. அங்கே பல இடங்களில் ரயில் ஜெயிக்கிறது.

ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் 1994ல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 50 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரத்தைவிட அது அதிகம்! அதன் வழியே லண்டனிலிருந்து பாரிஸ் நகருக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம். ஏறுவதும் இறங்குவதும் நகரத்தின் நடுவிலேயே. ஸ்பெயினில் மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா 620 கிலோமீட்டர். 2008 முதல் அதிவேக ரயில் அதை இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறது. அதன் பிறகு விமானத்தில் போனவர்களில் பெரும்பகுதியினர் ரயிலுக்கு மாறிவிட்டார்கள். பிரான்ஸ் நாட்டிலோ, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில ஊர்களுக்கு விமானமே கூடாது என்ற சட்டம் 2023ல் நடைமுறைக்கு வந்தது.

ரயில் அங்கே ஏன் ஜெயிக்கிறது? விமானத்தைவிட அது வேகம் என்பதால் அல்ல. வழி நடுவில் அறுபடவில்லை, அதனால்தான். போட் மெயிலும் அப்படித்தான் ஜெயித்தது. இங்கே கடலில் வழி அறுந்துவிட்டது. ஆகவே விமானம் ஜெயிக்கிறது.

போவது ஒரு வழி, வருவது ஒரு வழி

யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு மூன்றையும் பார்க்க விரும்பும் குடும்பம் என்ன செய்வது?

போன வழியே திரும்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. கப்பலில் காங்கேசன்துறை போகலாம். யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு ரயிலில் தெற்கே இறங்கலாம். கண்டி பார்த்துக் கொழும்பு சேரலாம். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் திரும்பலாம். பார்த்த ஊருக்கே மறுபடி வர வேண்டியதில்லை. ஏழெட்டு மணி நேர ரயில் பிரயாணம் ஒன்று மிச்சம். நாகையிலிருந்து ஊர் திரும்பும் ஐந்து மணி நேரமும் மிச்சம்.

கப்பலை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா? முதலில்தான் வைக்க வேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால், அப்போது குடும்பம் நாகையில் இருக்கும். வீட்டுக்குத் திரும்பலாம். அல்லது திருச்சி போய் விமானம் பிடிக்கலாம். கடைசியில் வைத்தால் என்ன ஆகும்? காங்கேசன்துறையில் ஐந்து பேர் மாட்டிக்கொள்வார்கள். அறை வாடகை ஏறும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்துவிடும். உம்மாவின் மாத்திரை தீர்ந்துவிடும். பணம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு பங்கு செலவாகும்.

புறப்படும் முன்

குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்போர்ட் வேண்டும். இலங்கைக்கான அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அவற்றைக் கடைசி வாரத்திலும் ஒரு தடவை விசாரிக்க வேண்டும். புயல், மழைக்குப் பிறகு இலங்கை ரயில்கள் முழுத் தூரமும் ஓடுகின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலில் தலைசுற்றல், வாந்தி வரக்கூடியவர்கள் டாக்டரிடம் மருந்து கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச் மாதம் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அது வந்து, அங்கிருந்து கொழும்புக்கு விமானமும் விட்டால் ஒன்பது மணி நேரம் ஏழாகக் குறையலாம். ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் வந்தால் அதைவிடப் பெரிய மாறுதல் ஏற்படும். ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கும் காலம் திரும்பக்கூடும். அதுவரை குடும்பஸ்தர்தான் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. மகன் இத்தனையும் கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "உம்மா, உங்களுக்குப் பிளேன்தான் சௌகரியம்" என்பார். உம்மாவோ, "பிளேன்ல திரும்பி வருவோம் வாப்பா. போகும்போது கடல்ல கூட்டிட்டுப் போ. சின்னப் பிள்ளையில பார்த்தது" என்பார்.

அதற்கும் மேலே சொன்ன வழியில் இடம் இருக்கிறது.