குர்பான் இறைச்சிக்கு மூணு பங்கு, விடியக்காலைக்கு எத்தனை பங்கு?

ஹஜ்ஜுப் பெருநாள் வாரம் வந்தால் மரதன் பயிற்சி எடுக்கிற ஆக்களுக்கு ஊட்டில கிடைக்கிறது ஒரே வசனம்தான்: "பெருநாளும் அதுவுமா ஊடு நெறய ஆக்கள் இரிக்க, நீ எங்க மகன் ஓடப்போற?" கேட்க பாசமாக இருக்கும். நாங்கள் இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. இது யார் வேலை செய்வது, யாருக்கு நேரம் சொந்தம் என்கிற பிரச்சினை.

இந்த வசனத்தைக் கேட்டுவிட்டும் காக்காமார் ஓடத்தான் போகிறார்கள். சுபஹு தொழுதுவிட்டு, கச்சான் காற்று சூடாக முதல் கடற்கரையில் ஒரு சுற்று. ராத்தாமாரிடம் இந்த வசனத்தை யாரும் சொல்வதே இல்லை. அவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

முதலில் ஓடுகிற ஆம்பிளைகளுக்கு. "பெருநாளன்றும் 10 கிலோமீற்றர், சாட்டுச் சொல்லமாட்டோம்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். நல்லம். ஆனால் நாம் சப்பாத்துக் கட்டும்போது குசினியில் லைட் எரிந்துகொண்டிருந்தது. வட்டிலப்பம் அவிய வைத்தது, இடியப்பம் பிழிந்தது, நாம் வியர்த்து வரும்போது தண்ணி தந்தது, அந்த ஜேர்ஸியைக் கழுவினது எல்லாம் நமக்கு முன்னம் எழும்பின பொம்பிளைகள். நம்முடைய ஒழுக்கத்துக்கு அவர்களுடைய நித்திரையால்தான் விலை கொடுக்கப்படுகிறது. அவர்களுக்கு ஸ்டேட்டஸும் இல்லை.

இரண்டாவது, வீட்டுப் பெரியாக்களுக்கு. "ஒரு கிழம ஓடாட்டி என்ன குறஞ்சிரும்?" என்கிறீர்கள். பாதி சரி. ஒரு கிழமைக்கு ஓட்டத்தைக் குறைத்தால் உடம்பின் திறன் பெரிதாக விழாது. இரண்டு கிழமை முழுசாக நிறுத்தினால்தான் தெரியும்படி இறங்கத் தொடங்கும். போட்டிக்கு முந்திய இரண்டு மூன்று கிழமை மரதன் வீரர்களே தூரத்தைக் குறைக்கிறார்கள். ஆகவே பெருநாள் வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். நீண்ட ஓட்டத்தைப் பிறை 9க்கு முன்னம் முடித்துவிடலாம், அன்றைக்கு அறபா நோன்பு. பெருநாளன்று ஓய்வு. குர்பான் நாட்களில் 40 நிமிஷம் மெதுவாக ஒன்று, கொஞ்சம் வேகமாக ஒன்று. இதற்குக் குடும்பத்தோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. மாமி வீட்டுப் பயணமும் நிற்காது, சாச்சியின் புரியாணியும் மிஞ்சாது.

அப்படியென்றால் 40 நிமிஷம் ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த 40 நிமிஷம் ஏன் மகளுக்கு இல்லை?

"பொம்புளப்புள்ளைக்கு எதுக்கு மரதன்?" என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். 1967இல் பொஸ்டன் மரதனில் ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் ஸ்விட்சரின் இலக்கத்தைப் போட்டி அதிகாரி ஒருவரே பிடித்திழுத்துக் கிழிக்கப் பார்த்தார். பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் 1984 வரை இல்லை. அவர்கள் உடம்பைக் காட்டி மறித்தார்கள், இங்கே மார்க்கத்தையும் மானத்தையும் காட்டி மறிக்கிறார்கள். 2023 ஏப்ரல் 23இல் சிஃபான் ஹசன் தன்னுடைய முதல் மரதனை லண்டனில் ஓடி வென்றார், 2 மணி 18 நிமிஷம் 33 செக்கன். றமழானில் நோன்போடு பயிற்சி எடுத்தவர். நோன்புப் பெருநாள் கழிந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும்போது தலையை மறைத்துத்தான் மேடை ஏறினார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை ஓடியது ஒரு உம்மா, ஹாஜறா அலைஹிஸ்ஸலாம். ஹாஜிமார் இன்றைக்கும் அந்த ஓட்டத்தைத்தான் நடந்து நிறைவேற்றுகிறார்கள். ஒரு தாயின் ஓட்டத்தை வணக்கமாக வைத்திருக்கிற மாதத்தில், மகள் சப்பாத்துப் போட்டால் மானம் போகுது என்றால் எங்களுக்கு விளங்கவில்லை.

இது மரதன் ஓடுகிற நாலு பேருடைய கதையும் இல்லை. நம்முடைய உம்மாமாருக்குச் சீனி, பிரசர். கிளினிக்கில் "நடங்க" என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிஷம் சொல்கிறது. எந்த 150 நிமிஷம்? அது குசினியில் கரைகிறது, பெருநாள் வாரத்தில் இரட்டிப்பாகக் கரைகிறது. இந்தக் கரையோரத்தில் வீட்டைப் பெண்பிள்ளை பேரில் எழுதுகிறோம், மாப்பிள்ளைதான் வீடு மாறி வருகிறார். வீடு அவளுடைய பேரில். அந்த வீட்டின் விடியக்காலை யாருடைய பேரில்?

குர்பான் இறைச்சியைத் தராசு வைத்து நிறுத்து, நமக்கு, சொந்தத்துக்கு, ஏழைக்கு என்று மூன்று பங்கு பிரிக்கிறோம். ஒரு துண்டு கூடக் குறைய விடமாட்டோம். அதே கவனம் நேரத்துக்கும் வரட்டும். காக்கா ஒரு நாள் ஓடினால் அடுத்த நாள் அடுப்படியும் சின்னப்பிள்ளைகளும் அவன் பொறுப்பு, ராத்தாவும் உம்மாவும் வெளியே. பள்ளிவாசல் நிர்வாகமும் விளையாட்டுக் கழகங்களும் சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மைதானத்தைப் பெண்களுக்கென்று விடட்டும். "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்பவர்களுக்கு: ஊர் என்றால் நாமும்தான், நாங்கள் இதைத்தான் சொல்கிறோம்.

அதுவரைக்கும், பெருநாளன்றும் ஓடினேன் என்று போஸ்ட் போடுகிற தம்பிமார் கீழே ஒரு வரி சேருங்கள்: அந்த நேரத்தில் ஊட்டு வேலையை யார் செய்தது என்று.