பதினாலு நாள் கணக்கு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் நுழைகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வாயிலில் நிற்கும் காவற்காரர்களில் சிலர் நாற்காலி இருந்தும் உட்காருவதில்லை. முதுகு வளையாது, பூட்ஸ் பளபளக்கும், லாரி எண்ணைக் குறித்துக்கொள்ளும்போதுகூட யாரோ மேலதிகாரி பார்த்துக்கொண்டிருப்பதுபோல் ஓர் ஒழுங்கு இருக்கும். விசாரித்தால் மாஜி பட்டாளத்துக்காரர் என்று தெரியவரும். நமது ஜில்லாவுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. இரண்டாவது மகாயுத்தத்தின்போது ஆவடியில் பெரிய இராணுவ முகாம் இருந்தது. சோழவரத்தில் விமான ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு அந்த ஓடுதளத்தில் பல காலம் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. ஆவடியில் இன்றைக்கும் டாங்கிகள் செய்கிறார்கள்.

அத்தகைய காவற்காரர் ஒருவரைப் பற்றியே இவ்வாரம் எழுதப் போகிறோம். அவருடைய பெண் நமது பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஒருநாள் மாலை அவர் ஒரு பழுப்பு நிறக் கவரைக் கொண்டுவந்து மேஜைமீது வைத்து, "வாத்தியாரையா, இதில் இங்கிலீஷில் என்னமோ எழுதியிருக்கிறது. எனக்கு ஓரளவு புரிகிறது. ஆனால் புரிந்தது சரிதானா என்றுதான் தெரியவில்லை," என்றார். நாம் வாங்கிப் படித்தோம். அவருக்குப் புரிந்தது சரிதான்.

2001-ஆம் வருஷத்தில் பத்தொன்பதாவது வயதில் சேர்ந்து, ஹவில்தார் வரையில் உயர்ந்தவர். 2019-ஆம் வருஷக் குளிர்காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார். இருதய இரத்தக் குழாயில் சுருள்கம்பி வைத்தார்கள். பட்டாளத்தில் ஒவ்வொருவருடைய தேகநிலையையும் மனம், செவி, கைகால், உடல், கண் என ஐந்தாகப் பிரித்து எண் கொடுப்பது வழக்கம். எல்லாவற்றிலும் ஒன்று பெற்றவரே பூரண தகுதியுள்ளவர். இவருக்கு உடல் என்ற தலைப்பில் எண் இறங்கியது. இலகுவான வேலையில் அமர்த்த இடமில்லை என்று சொல்லி, 2021-இல் வைத்தியக் குழுவின் முன் நிறுத்தி, பணிக்காலம் முடியுமுன்னரே அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் குழுவின் அறிக்கைதான் கவரில் இருந்தது. இருதய நோயினால் ஏற்பட்ட ஊனம் நூற்றுக்கு 30 என்று ஒரு கட்டத்தில் இருந்தது. அடுத்த கட்டத்தில், இந்நோய் இராணுவப் பணியால் விளைந்ததுமன்று, பணியால் மிகுந்ததுமன்று என்று ஒரே வரி. காரணம் எழுத வேண்டிய இடத்தில், "உடலமைப்பைப் பற்றிய நோய், நோய் கண்டபோது விடுப்பில் இருந்தார்" என்ற பொருளில் சில சொற்கள். முதல் கட்டத்தில் ஒரு கையால் கொடுத்ததை இரண்டாவது கட்டத்தில் மறு கையால் வாங்கிக்கொண்டார்கள் என்பது இதன் தாத்பரியம்.

ஏனெனில் ஊனப் பென்ஷனுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஊனம் நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் இருக்கவேண்டும். அது பணியால் விளைந்ததாகவோ பணியால் மிகுந்ததாகவோ இருக்கவேண்டும். விளைந்தது என்பதற்கும் மிகுந்தது என்பதற்கும் உள்ள பேதத்தை அறியாமல் பலர் ஏமாந்து போகிறார்கள். குண்டடிபட்டால் அது பணியால் விளைந்தது. அதில் தகராறு இல்லை. இருதய நோய் அப்படியன்று. பரம்பரையாலும் வரும், புகையிலையாலும் வரும், கவலையாலும் வரும். ஆனால் உள்ளுக்குள் உறங்கிக்கொண்டிருந்த நோயைப் பனிமலையும் இராக்காவலும் தட்டி எழுப்பினால், அது பணியால் மிகுந்ததாகும். அப்படி ஏற்றுக்கொண்டாலே பென்ஷன் உண்டு.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 2006 முதல் உள்ள ஏற்பாட்டின்படி, முழு ஊனத்திற்கு, அதாவது நூற்றுக்கு நூறு ஊனத்திற்கு, கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம் ஊனப் பங்காகத் தரப்படும். கணக்குக்காகச் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு ஊனத்திற்கு 15,000. முப்பது பங்கு ஊனத்திற்கு 4,500. ஆனால் 1996 முதல், நோயால் அனுப்பப்பட்டவர்களுக்கு 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என்றே கொள்ளவேண்டும் என்ற சலுகை ஏற்பட்டது. ஆகவே 7,500. பணிக்காலம் முடித்து ஊனத்துடன் விலகியவர்களுக்கும் இச்சலுகை உண்டென்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. நமது ஹவில்தாருக்குச் சாதாரணப் பென்ஷன் வருகிறது. அதனால் அவர் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் மாதம் 7,500 ரூபாய் என்பது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் தகப்பனாருக்கு அற்பமான தொகையா என்று நேயர்களே சொல்லட்டும்.

சிப்பாயின் இருதயத்தைப் பற்றிய இந்த வழக்கு உலகத்தில் மிகப் பழையது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் படபடப்பும் மார்புவலியும் மூச்சிரைப்புமாய் வந்த சிப்பாய்களைப் பரிசோதித்த டா கோஸ்டா என்ற வைத்தியர் 1871-இல் அதைப்பற்றி எழுதினார். முதல் மகாயுத்தத்தில் அதே தொல்லை பிரிட்டிஷ் படையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்தது. இவர்களில் யார் உண்மையான இருதய நோயாளி, யார் களைத்துப்போனவர் என்று பிரித்தறியத் தாமஸ் லூயிஸ் என்ற நிபுணர் படிப்படியான தேகப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார். இவ்வளவு பேருக்கும் பென்ஷன் கொடுத்து மாளுமா என்ற கவலையும் அதன் பின்னால் இருந்தது. வைத்தியம் பாதி, கஜானா பாதி!

1943-க்கு முன் இங்கிலாந்தில், தன் நோய் பணியால் வந்ததென்று நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலைமேலேயே இருந்தது. சேர்க்கும்போது உடல் சரியாயிருக்கிறது என்று சேர்த்துக்கொண்டு, கெட்டபிறகு அது உன் உடல் என்று தள்ளுவதா என்று ஜனங்கள் கூச்சலிட்டார்கள். அவ்வருஷக் கடைசியில் பாரம் சர்க்கார் பக்கம் மாற்றப்பட்டது. அதன்படி நடந்த வழக்குகளில் ஒன்றுதான், சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கும் 1947-ஆம் வருஷத்து மில்லர் வழக்கு. நியாயமான சந்தேகம் என்றால் என்னவென்று அதில் நீதிபதி டென்னிங் விளக்கினார். அவ்வழக்கைப் போட்ட விதவை தோற்றுப்போனாள் என்பதைப் பாராட்டுவோர் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நம் தேசத்தில் 1982-ஆம் வருஷத்து விதிகள் அதே நியாயத்தைத் தழுவியவை. அவற்றின் உண்மையான வலிமையை வெளிக்கொணர்ந்தவர் தரம்வீர் சிங் என்ற சிப்பாய். சிக்னல் படையில் 1985-இல் சேர்ந்தவர். வலிப்பு நோயினால் 1994-இல் அனுப்பப்பட்டவர். நூற்றுக்கு 20 ஊனம். பணிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார்கள். 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நோயைப்பற்றிக் குறிப்பு இல்லாவிட்டால் ஆள் ஆரோக்கியமாகச் சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். பின்னால் கெட்டது பணியால் என்றே அனுமானிக்கவேண்டும். சேர்க்கையில் கண்டுபிடிக்க முடியாத நோய் என்று குழு சொன்னால் அதற்குக் காரணம் எழுதவேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே. அடுத்த வருஷம் சுக்விந்தர் சிங் வழக்கில், ஒருவனை நோய்க்காகப் படையிலிருந்தே விலக்கினால் அவன் ஊனம் 20-க்கு மேற்பட்டது என்றே கொள்ளவேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

இதைக் கேட்டதும் ஹவில்தாருக்கு முகம் மலர்ந்தது. நாம் உடனே அவர் உற்சாகத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. விதிகள் 2008-இல் திருத்தப்பட்டன. பழைய அனுமானம் இப்போது இல்லை என்பது சர்க்கார் தரப்பு வாதம். 2023 செப்டம்பரில் மறுபடியும் புதிய விதிகள் வந்தன. அவை அதற்குப்பின் விலகுவோரைச் சேர்ந்தவை. வாழ்க்கை முறையால் வரும் நோய்களுக்கெல்லாம் ஊனப் பென்ஷனா என்று கணக்குத் தணிக்கையாளர் கேட்டிருப்பதையும் மறைக்கலாகாது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இரத்த அழுத்தம் சம்பாதித்தவர்கள் எல்லா உத்தியோகங்களிலும் இருக்கிறார்கள், உபாத்தியாயர்களிலும் இருக்கிறார்கள்! ஆனால் அந்தச் சந்தேகத்தைப் பனிமலைச் சாவடியில் நின்றவன்மேல் காட்டுவது எந்த ஊர் நியாயம்? எந்த விதியானாலும், காரணம் காட்டாமல் ஒற்றை வரியில் தள்ளலாகாதென்று நீதிமன்றங்கள் சொல்லியே வருகின்றன.

ஆகவே, அந்தச் சில சொற்களை மறுபடி எடுத்துக்கொண்டோம். இருதய நோயைப் பொறுத்தமட்டில் இராணுவ வைத்தியர்களின் கையேட்டில் ஒரு விசேஷம் உண்டு. நோய் தாக்குவதற்கு முந்திய பதினாலு நாட்களில் அந்த ஆள் என்னென்ன பணி செய்தான் என்று அவனுடைய படைப்பிரிவிலிருந்து எழுதி வாங்கவேண்டும். கடுமையான உழைப்போ கவலையோ இருந்தது தெரிந்தால் நோய் பணியால் மிகுந்ததென்று கொள்ள இடமுண்டு.

"உங்களுக்கு வலி வந்தது எப்போது?" என்று கேட்டோம்.

"விடுப்பில் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், ஐயா."

"வழிப்பயணம்?"

"ரெயிலில் மூன்று நாள். இடம் இல்லை, பாதி வழி பெட்டி வாசலிலே உட்கார்ந்து வந்தேன்."

மூன்றும் மூன்றும் ஆறு. பதினாலில் ஆறு போக மிச்சம் எட்டு. அந்த எட்டு நாட்கள் எங்கே? அறிக்கையோடு இணைந்திருந்த பணி விவரத் தாளில் விடுப்பு என்ற ஒரே சொல் முழுக் கட்டத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. எட்டு நாட்களைக் காணவில்லை! அந்த எட்டு நாட்களும் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சிறிது யோசித்துச் சொன்னார்: "விசேஷமாக ஒன்றும் இல்லை, ஐயா. பாதை மூடிப்போயிருந்தது. பனியை வெட்டிக்கொண்டே இருந்தோம். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை காவல் மாற்றுவோம். மேலே சாமான் தூக்கிப்போக ஆள் குறைவு, நானும் தூக்கினேன்." இதுதான் அவர் அகராதியில் விசேஷம் இல்லாத வாரம்.

நோய் வீட்டில் வந்தது உண்மை. ஆனால் இருதயம் விடுப்புச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டா பழைய உழைப்பை மறக்கும்? இதைத்தான் அப்பீலில் எழுதினோம். பரிகாசம் இல்லாமல் எழுதினோம். அந்த எட்டு நாட்களின் காவற் பதிவேட்டுப் பிரதியையும், சேர்ந்தபோது எடுத்த வைத்தியப் பரிசோதனைப் பிரதியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு, தனியே ஒரு மனுவும் போட்டோம்.

அப்பீல் செய்ய ஆறு மாதம் அவகாசம் உண்டு. அது எப்போதோ கடந்துவிட்டது. அதனால் கதவு அடைபட்டுவிடவில்லை. பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பது சட்டம். 1983-இல் நோயால் அனுப்பப்பட்ட தர்ஸேம் சிங் என்பவர் 1999-இல்தான் கோர்ட்டுக்குப் போனார். 2008-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் உரிமையை மறுக்கவில்லை; ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட தேதிக்கு முன் மூன்று வருஷத்திற்கு மட்டுமே என்று வரம்பு கட்டியது. எனவே தாமதித்த ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியிலிருந்து ஒரு மாதத்தைத் தின்றுவிடும். அப்பீல் பலிக்காவிட்டால் சென்னையிலேயே இராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. 2007-ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்கு மேலும் ஹைகோர்ட்டை அணுகும் பாதை அடைபடவில்லை என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது.

இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டபோதுதான் உண்மையான சங்கடம் வெளிப்பட்டது. இருதய நோயாளி என்று தெரிந்தால் தொழிற்சாலையில் காவல் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். பன்னிரண்டு மணி நேர வேலை. மாத்திரையைக் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு விழுங்குகிறாராம். ஆக, சர்க்காரிடம் தம் இருதயம் பழுதென்று மெய்ப்பிக்கவேண்டும். முதலாளியிடம் பழுதில்லையென்று நடிக்கவேண்டும். ஊனப் பென்ஷனுக்கு மனுப் போட்ட செய்தி தொழிற்பேட்டைக்கு எட்டிவிடுமோ என்று மூன்று வருஷத்திற்கு மேல் கவரைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். வைத்தியரிடம் சென்று எவ்வளவு வேலை செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள், இரவு வேலையைப் பகலுக்கு மாற்றக் கேளுங்கள் என்று நாம் சொன்னோம். சொல்வது எளிது. அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. அது திருவள்ளூரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே ஜில்லா. ஆனால் ரெயிலில் போகவேண்டுமானால் சென்னைக்கு வந்து, வேறு பாதையில் வேறு வண்டி ஏறவேண்டும்! ஆவடியைத் தாண்டும்போது அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாக நடந்துகொண்டு, விடுபட்டிருந்த ஒரு தாளையும் சுட்டிக்காட்டினார். அதை இங்கே குறிப்பிடுவது நமது கடமை.

சென்ற வெள்ளிக்கிழமை அப்பீலைப் பதிவுத் தபாலில் சேர்த்தோம். ரசீதைக் கையில் வாங்கியவர் சட்டைப் பையில் வைக்கவில்லை. அங்கே வைத்தால் தொழிற்சாலை வாயிற் சோதனையில் வெளியே வருமாம். மாத்திரை டப்பியைத் திறந்து, மூடியின் உட்புறத்தில் நான்காக மடித்துச் செருகிக்கொண்டு, இரவு வேலைக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டார்.