பந்தடியும் புத்தியும்

மாலையிற் பந்தடித்த பிள்ளை இரவிற் படியான் என்று கவலையுறும் பெற்றார் இன்றும் நம்மிடையே பலர் உளர். வெற்றிக் கிண்ணம் ஒன்றையே நோக்கி, மாணவனின் கல்வியைக் கருதாத விளையாட்டபிமானிகளும் உளர். உதைபந்தாட்டம் காலின் தொழில் மட்டுமே என எண்ணுவது இரு திறத்தார்க்கும் பொதுவான பிழையாகும்.

பந்து தன்னிடம் வருமுன் ஆட்டக்காரன் செய்வன யாவை? தோழர் நிற்கும் இடங்களை மனத்திற் கொள்கின்றான். எதிரியின் போக்கை ஊகிக்கின்றான். வலப்பக்கம் அனுப்ப எண்ணியவன், வழி அடைபட்டமை கண்டதும் அவ்வெண்ணத்தை அடக்கி இடப்பக்கந் திருப்புகின்றான். நினைவிற் கொள்ளல், உந்துதலை அடக்கல், திட்டத்தை மாற்றல் ஆகிய இம்மூன்றையும் உளநூலார் மூளையின் ஆட்சித் திறன்கள் என்பர். இவற்றிற்கு இன்றியமையாத முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு முதிர்ச்சி எய்துகின்றது.

சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிலையத்தார் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேற்பிரிவு ஆட்டக்காரர் கீழ்ப்பிரிவினரிலும் இத்திறன்களில் மேம்பட்டிருந்தமை கண்டனர். 2017 இல் 12 முதல் 19 வயது வரையிலான இளம் ஆட்டக்காரரைச் சோதித்தபோதும், இத்திறன்களுக்கும் அவர்கள் போட்ட கோல்களுக்கும் தொடர்புண்மை புலனாயிற்று. ஆயினும் ஆட்டம் அறிவை வளர்த்ததோ, அறிவுடையாரை ஆட்டம் தேர்ந்துகொண்டதோ என்பது இவற்றால் முடிவாகவில்லை. ஆகவே, பன்னிரண்டு வயதுச் சிறுவனைச் சோதனைப் புள்ளி கொண்டு விலக்குதல் தகாது. முதிராத மூளைக்கு முடிந்த தீர்ப்பு வழங்குதல் நீதியன்று.

நாம் செய்யத்தக்கது யாது? கோட்டுக்கு வெளியே நின்று "அடி, விடு, ஓடு" என ஓயாது கூவும் பயிற்றுநர் ஆட்டத்தை வெல்லவுங் கூடும். ஆனால், மாணவன் சிந்திக்க வேண்டிய கணத்தை அவர் பறித்துக்கொள்கின்றார். பழைய மாணவராகிய நாமும் வேலியோரம் நின்று அதனையே செய்கின்றோம். சிறுவரைச் சிறு அணிகளாகப் பிரித்துச் சிறிய மைதானத்தில் ஆடவிட்டால், ஒவ்வொருவனுக்கும் பந்து பலமுறை கிட்டும். தானே முடிவு செய்யும் வாய்ப்பும் அவ்வாறே பெருகும்.

இன்னுமொன்று. பத்து வயதும் அதற்குட்பட்டவருமான சிறுவர் தலையாற் பந்தடித்தலை ஐக்கிய அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கம் 2015 இல் விலக்கியது. இங்கிலாந்துச் சங்கம் 2020 இல் ஆரம்பப் பாடசாலை வயதினரின் பயிற்சியிலிருந்து அதனை நீக்குமாறு நெறிப்படுத்தியது. புத்தியை வளர்க்கும் எனப் போற்றும் ஆட்டத்தில், வளரும் மூளையைத் தாக்குதற்கு ஆளாக்குவது முறையாமோ? நம் கீழ்ப்பிரிவிலும் இவ்விதி வேண்டும் என்பது எமது துணிபு.

யூபிலி ஆண்டில் வென்ற கிண்ணங்களை எண்ணி மகிழ்வோம். அத்துடன், அடுத்த கீழ்ப்பிரிவு ஆட்டத்தில் ஒரு பாதியேனும் நாம் வாய்மூடி நின்று, பிள்ளைகள் தாமே சிந்தித்து ஆடுவதைப் பார்ப்போமாக.