சுண்ணாம்பு கற்பிக்கும் வேதியியல்

வேதிவினைகளின் வகைகள் யாவை என வினவின், சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என ஐந்தனையும் மாணாக்கர் ஒரே மூச்சில் ஒப்பிப்பர். ஆயின், தேர்வு முடிந்தபின் அப்பெயர்கள் நெஞ்சில் எத்துணை நாள் நிற்கின்றன? பொருளைக் காணாது பெயரை மட்டும் கற்றமையே அவை மறைதற்குக் காரணம் என்பது நம் கருத்து. காணத்தக்க பொருளோ நம் நாட்டகத்தே உளது.

புதுக்கோட்டைக்கு அணித்தாய சித்தன்னவாசலில், அறிவர் கோயிலின் தாமரைப் பொய்கை ஓவியத்தை நம்மிற் பலர் கண்டு வியந்துள்ளோம். 9 ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் அவ்வோவியங்களைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புப் பூச்சே. அச்சுண்ணாம்பு பிறந்த வகையை நோக்குவோமாக.

காளவாயில் விறகு எரிவது முதல் வினை. அவ்வெப்பத்தால் சுண்ணாம்புக்கல் சிதைகின்றது. தூய கல் 100 பங்காயின், 44 பங்கு கரியமிலவாயுவாய் அகல, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாய் எஞ்சும். அதன்மேல் நீர் வார்ப்பின், இரண்டும் கூடி வெம்மை பொங்க நீறாகும், இது சேர்க்கை. நீற்றைச் சுவரிற் பூசியபின், காற்றின் கரியமிலவாயு ஈரத்திற் கரைந்து அமிலமாகி அதனோடு வினைபுரியும். இரண்டும் தத்தம் பகுதிகளை மாற்றிக்கொண்டு கல்லையும் நீரையும் தரும். இஃது இரட்டை இடப்பெயர்ச்சி. கல்லாயிருந்தது மீண்டும் கல்லாயிற்று! ஒற்றை இடப்பெயர்ச்சி ஒன்றே ஈண்டு இல்லை. மயில்துத்தக் கரைசலில் இரும்பாணி ஒன்றை இடின், இரும்பு கரைசலிற் புக, செம்பு வெளிப்பட்டு ஆணியின்மேற் படிதலைக் காணலாம்.

தமிழ் பயில்வார்க்கு இதிற் பிறிதொரு பாடமும் உண்டு. கல்லைச் சுடுதலையும், சுட்டதை நீரால் பொடியாக்குதலையும் 'நீற்றுதல்' என்னும் ஒரு சொல்லே குறிக்கும். தொழில் செய்வார்க்கு அது போதும். ஆனால், முன்னது பிரிதல், பின்னது கூடுதல். இவ்வேற்றுமையைக் காட்டுவது வேதியியல். சொல்லறிந்தார் வினையறியாமலும், வினையறிந்தார் சொல்லறியாமலும் இருப்பது இரு துறைக்கும் இழப்பன்றோ? யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875 இல் வெளிவந்தது. அவ்வழி பிறந்த முயற்சியை மனப்பாடத்தோடு நிறுத்துதல் தகாது.

பாடம் மிகுதி, காலம் குறைவு என்பார் உளர். சிறிது சுண்ணாம்பும் ஓர் ஆணியும் ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டா. சுட்ட சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்படுத்துமாதலின், ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்தல் வேண்டும். முதலில் வினையைக் காட்டுக. பின்னர்ப் பெயரைச் சொல்லுக. அப்போது ஐந்து பெயர்களும் நம் நெஞ்சில், சுவரிற் பூசிய சுண்ணாம்பேபோல், நாளுக்கு நாள் இறுகி நிற்கும்.