உப்பு என்னும் சொல்லின் இலக்கணம்

ஆறுமுகநேரி உப்பளங்களில், தை கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பாத்திகளிற் பாய்ச்சிய உவர்நீர் நாளுக்கு நாள் வற்றி, 25 டிகிரி அடர்த்தியை எட்டுந் தறுவாயிற் கல்லாகத் திரளுங் காட்சியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், பள்ளியிற் புணர்ச்சி விதி என்றதும் அஞ்சி ஒதுங்குவது என்னை நெடுநாளாக வருத்தும் செய்தியாகும்.

அவ்வச்சத்துக்கு நியாயமே இல்லை. வன்றொடர்க் குற்றியலுகரமாகிய 'உப்பு', உயிரெழுத்து வருங்கால் தன் ஈற்று உகரத்தை இழந்து 'உப்பளம்' எனவும், வல்லெழுத்து வருங்கால் உகரம் நிலைபெற்று ஒற்று மிகுந்து 'உப்புக்கல்' எனவும், மெல்லெழுத்து வருங்கால் யாதொரு விகாரமும் இன்றி 'உப்புமூட்டை' எனவும் நிற்கிறது. 'ஒரு கல் உப்புப் போடு' என்று சொல்லும் தாய் 'ஓர் உப்பு' என்று ஒருநாளும் சொல்வதில்லை. அவள் எண்ணுவது கல்லையே அன்றி உப்பையன்று.

பிற மொழியாரும் உப்பைக் குறிக்குந் தம் சொல்லைத் தத்தம் இலக்கணத்துக்கு ஏற்பவே வழங்குகின்றனர். மீனுக்கு உப்பிட்டு வாழ்ந்த பாரோ தீவினர் 'சால்ட்' என்னுஞ் சொல்லை நபுஞ்சக லிங்கமாக்கி, சுட்டை அதன் ஈற்றிலே ஒட்டுகின்றனர். கடற்கரையே இல்லாத ஹங்கேரியரோ, லிங்கபேதம் அறியாத தம் பாஷையில் 'ஷோ' என்பதோடு உருபைச் சேர்த்து 'ஷோபன்' என்பர். அது நம் 'உப்பில்' என்பதே. ஒரே பொருளின் பெயரை ஒவ்வொரு பாஷையும் தன் வியாகரணத்துக்கு ஏற்ப வெவ்வேறாக நடத்தும் என்பதை அறிவதற்கு, இதனினும் எளிய பாடம் வேறு உண்டோ?

சங்கப் பாடல்கள் உப்பு வணிகராகிய உமணரைப் போற்றின. புலவி அதிகாரத்தில் வள்ளுவர் ஊடலின் அளவையே உப்பின் அளவால் விளக்கினார். அத்தகைய சொல்லைப் பாத்தி மிதித்தும், உப்பு வாரியும், அம்பாரமாகக் குவித்தும் கண்கூசும் வெண்மையினிடையே உழைத்துக் காப்பவரின் மக்களுக்கு, அவர்கள் சொல்லிலிருந்தே இலக்கணத்தைத் தொடங்குவது தமிழாசிரியரின் கடமை. பிள்ளைகளை ஒருநாள் அளத்துக்கு அழைத்துச் சென்று, அங்கு வழங்கும் சொற்களை எல்லாம் அவர்கள் கையாலேயே எழுதச் செய்யட்டும்.

தந்தையின் முதுகில் உப்புமூட்டை ஏறிச் சிரித்த குழந்தை, அந்தச் சொல்லை அன்றே பிழையின்றிப் புணர்த்தது. நாம் செய்ய வேண்டுவது, அது முன்னமே அறிந்ததை அறிவு என்று அதற்கு உணர்த்துவது ஒன்றே.