வலியைச் சொல்வது தோல்வியன்று

மருத்துவமனைக் கட்டிலை ஒட்டிய சிறு அலமாரியில் மாத்திரைப் பட்டைகளும் வெந்நீர்க் குடுவையும் விபூதிப் பொட்டலமும் இருக்கும். பல நேரங்களில் அவற்றோடு ஒரு மெல்லிய புத்தகமும் இருக்கும். பார்க்க வந்த உறவினர் எவரேனும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நீ இந்த உடல் அல்ல, உன் உண்மை இயல்பு வேறு, அதை அறிந்துகொள் என்பதே அத்தகைய நூல்கள் பலவற்றின் சாரம். என் தாயார் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஏழு மாதங்களில் அவருடைய அலமாரியிலும் அப்படியொரு நூல் இருந்தது: ரமண மகரிஷியின் ‘நான் யார்?’. அந்நூல் அவருக்குச் செய்த நன்மையையும், அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நேரவிருந்த தீங்கையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

நோயாளி ஒருவர் ஆன்மிக நூல் படிப்பதை ஏளனமாகக் கருதுபவன் அல்லன் நான். மருத்துவமனை வாழ்வே அந்தக் கேள்வியை எழுப்பிவிடுகிறது. என் தாயார் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சரம்மா’. மருத்துவமனையில் சேர்ந்த அன்று அவர் மணிக்கட்டில் பெயரும் வயதும் ஓர் எண்ணும் எழுதிய பட்டை ஒன்றைக் கட்டினார்கள். சில வாரங்களில் தலைமுடி உதிர்ந்தது. சமையலறை மருமகளின் பொறுப்புக்குப் போயிற்று. வாசலில் குனிந்து கோலமிட இயலவில்லை. “டீச்சர் என்பதும் போயிற்று, அம்மா என்பதும் பாதி போயிற்று. மிச்சம் இருப்பது யார், தம்பி?” என்று ஒருநாள் மாலை என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ‘எல்லாம் சரியாகிவிடும் அம்மா’ என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். புத்தகம் அப்படி மாற்றவில்லை. அவருடைய கேள்வியை அது கேள்வியாகவே மதித்தது. வேலை, உறவு, தோற்றம் ஆகியவை ஒவ்வொன்றாகக் கழன்ற பின்னும் அவற்றையெல்லாம் அறிந்துகொண்டிருக்கும் ஒன்று தமக்குள் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு உறக்கம் தந்தது. அந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன்.

தீங்கு இரண்டாவது சுற்று மருந்து ஏறிய பத்தாம் நாள் வந்தது. பிற்பகலிலிருந்தே அவருக்குக் குளிர் நடுக்கம் இருந்திருக்கிறது. வாயில் புண், விழுங்கும்போது வலி. எவரிடமும் சொல்லவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, புத்தகத்தை நெஞ்சின்மேல் வைத்தபடி படுத்திருந்தார். இரவு பத்து மணிக்கு அவர் நெற்றியைத் தொட்ட என் மனைவிதான் பதறினாள். காய்ச்சல் 102 டிகிரியைத் தாண்டியிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்த வேளையில் கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தது. ஆறு நாள் நரம்பு வழியாக மருந்து செலுத்தினார்கள். பிழைத்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, “காய்ச்சல் உடம்புக்குத்தானே, எனக்கில்லையே என்று பழகிப் பார்த்தேன். உடனே உங்களைக் கூப்பிட்டால் படித்ததெல்லாம் வீண் என்று தோன்றியது” என்றார்.

அந்தச் சொற்களை நான் இன்றுவரை மறக்கவில்லை. வலியைச் சொல்வது ஆன்மிகத் தேர்வில் தோற்பது என்று அவர் எண்ணியிருக்கிறார். இப்படி எண்ணுபவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். வலி எவ்வளவு என்று செவிலியர் கேட்கும்போது, பூச்சியத்திலிருந்து பத்துவரையுள்ள அளவில் எட்டு என்று சொல்ல வேண்டியவர் மூன்று என்று சொல்வதைப் பக்கத்துக் கட்டில்களிலும் கேட்டிருக்கிறேன். சிலர் பிள்ளைகளுக்காகவும், சிலர் பக்குவப்பட்டவராகத் தோன்றுவதற்காகவும் மறைக்கிறார்கள்.

அந்நூலின் பின்னே உள்ள வாழ்க்கை இத்தகைய மறைப்பைக் கற்பிக்கிறதா என்று பார்க்க வேண்டும் எனத் தோன்றியது. பார்த்தேன்.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவனை, உடலில் நோய் ஏதுமின்றியே, மரண பயம் திடீரெனப் பற்றியது. அவன் அந்தப் பயத்தை மறைக்கவும் இல்லை, அதைவிட்டு ஓடவும் இல்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, இறப்பது எது என்று உள்ளுக்குள் ஆராய்ந்தான். அவனுடைய விழிப்பு பயத்தை முழுமையாக ஒப்புக்கொண்ட இடத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன் அவன் வேதாந்த நூல்களைக் கற்றவனும் அல்லன். பெரியபுராணத்தைப் படித்து உருகியிருந்தான். தனக்கு நேர்ந்ததைப் பற்றி நூல்கள் சொல்வதைப் பிற்காலத்திலேயே அறிந்தான். ஆகவே, இத்தனை பக்கம் படித்தும் எனக்கு ஒன்றும் நிகழவில்லையே என்று நோயாளி எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவர், கோயிலின் பாதாள லிங்கக் குகையில் உடல் நினைவின்றி அமர்ந்திருந்தார். பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாயின. பிறர்தாம் அவரை வெளியே தூக்கி வந்தார்கள். பிறர்தாம் அவர் வாயில் உணவு ஊட்டினார்கள். இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். உடலை மறந்த ஞானிக்கும் உடலைக் கவனிக்க ஒருவர் தேவைப்பட்டார். ஊட்டிவிட்ட அந்தக் கைகள் இல்லையென்றால், பின்னர் 1902-ஆம் ஆண்டளவில் வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாட்ச குகைக்கு வந்து கேள்விகள் கேட்டிருக்கவும் முடியாது. அவற்றுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகள் ‘நான் யார்?’ என்னும் நூலாகி 1923-இல் வெளிவந்திருக்கவும் முடியாது. உடனிருந்து கவனிப்போர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கஞ்சி ஊட்டுவதும் படுக்கையை மாற்றுவதும் தாழ்ந்த பணிகள் அல்ல.

அவருடைய இறுதிக் காலம் நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. 1949-இன் தொடக்கத்தில் அவருடைய இடக்கையில், முழங்கைக்கு அருகே, ஒரு சிறு கட்டி தோன்றியது. பிப்ரவரியில் அதை அகற்றினார்கள், மீண்டும் வளர்ந்தது. சதையைத் தாக்கும் புற்றுநோய் வகை என்று தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பருக்குள் நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. ரேடியம் சிகிச்சையும் நாட்டு மருத்துவமும் அளிக்கப்பட்டன. புண்ணைக் காட்டினார், கட்டுப் போட்டுக்கொண்டார், மருத்துவர்கள் தம் பணியைச் செய்ய இடம் கொடுத்தார். நான் உடல் அல்லன் என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர், அந்தக் கையை மருத்துவரிடம் நீட்டினார். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அவர் மறைந்தார்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. மகானே மறுத்தார், நானும் மறுக்கிறேன் என்று இதைச் சான்று காட்டுவோர் இருக்கக்கூடும். அது பொருந்தாது. அவர் தம் நோயை மறைத்து மறுக்கவில்லை. மருத்துவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க, அவர்கள் முன்னிலையில் மறுத்தார். அக்காலச் சிகிச்சையும் இன்றைய சிகிச்சையும் ஒன்றல்ல. ஒரு சிகிச்சையை ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை. ஆனால் அம்முடிவை, பயன் எவ்வளவு, துன்பம் எவ்வளவு, வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்டறிந்து எடுக்க வேண்டும். புத்தகத்தின் ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு எடுக்கலாகாது.

வலியை மறைப்பதால் உள்நோக்கும் வளர்வதில்லை. கடும் வலியில் இருப்பவருக்கு வலியைத் தவிர வேறொன்றில் கருத்து நிற்காது. வலி தணிந்தால்தான் மனம் எந்தக் கேள்வியையும் எடுத்துப் பார்க்க முடியும். இலண்டனில் 1967-இல் புனித கிறிஸ்தோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் துயரை ‘முழு வலி’ என்று அழைத்தார். உடலின் நோவு, மனத்தின் அச்சம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது அவர் கண்டது. இன்றைய வலி தணிப்பு மருத்துவம் அந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறது. ‘நான் யார்?’ என்ற தவிப்புக்கும் அதில் இடம் உண்டு. மருந்துக்கும் இடம் உண்டு. ஒன்றை நாடுவதற்காக மற்றொன்றைத் துறக்க வேண்டியதில்லை.

இந்த இதழைக் கட்டிலில் படுத்தபடி படிக்கும் தங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தங்களுக்கு ஆறுதல் தரும் நூல் எதுவாயினும், எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும், சமயமே சாராததாயினும் படியுங்கள். சிறிது சிறிதாகப் படியுங்கள். எல்லா நூல்களின் நோக்கமும் மனத்தை அமைதிப்படுத்துவதே. அது தெரிந்தபின் ஓயாமல் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை என்பதே அந்தச் சிறு நூலின் கருத்தும் ஆகும். ஆனால் வலி எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள். புற்றுநோய் மருந்து ஏறிவரும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பல நாள் உறக்கமே இல்லாமல் மனம் பொங்குவதுபோல் இருந்தாலும், எதுவுமே தன்னுடையதல்ல என்று வெறுமை சூழ்ந்தாலும், அதை விழிப்பு என்றோ பற்றின்மை என்றோ தாமாகவே முடிவு செய்துவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் உறக்கம் கெட்டு மனநிலை மாறுவதுண்டு. மனச்சோர்வும் அத்தகைய வெறுமையாக வரலாம். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

உடனிருப்போருக்கும் ஒரு சொல். நோயாளி அழும்போது ‘நீங்கள் இந்த உடல் இல்லையே, ஏன் அழுகிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். நலமாக இருப்பவர் சொல்லும்போது அது அறிவுரையாகாது, வாயை அடைப்பதாகும். அவர் கேட்டால் புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள். கேட்காவிட்டால் அருகில் உட்கார்ந்திருங்கள். என் தாயார் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லியிருக்க வேண்டியதில்லை. பேச்சை மாற்றாமல், ‘சொல்லுங்கள் அம்மா, என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டிருந்தால் போதும். அன்று அவர் மனம் திறந்திருந்தால் பத்தாம் நாள் நடுக்கத்தையும் என்னிடம் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தக் குறை என்னுடையது, புத்தகத்தினுடையது அன்று.

சிகிச்சை முடிந்து என் தாயார் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை எங்கள் அனைவருக்கும் பயம்தான், அவருக்கும்தான். “பயமாகத்தான் இருக்கிறது தம்பி” என்று இப்போது வெளிப்படையாகச் சொல்கிறார். அதே புத்தகத்தை இன்றும் படிக்கிறார். அதற்கு அடையாளத் தாளாக அவர் வைத்திருப்பது, காய்ச்சல் குறித்துவைக்க மருத்துவமனையில் கொடுத்த அட்டை. தம்மை அறிய விரும்புபவர், தம் உடம்பு சொல்வதையும் மறைக்காமல் கேட்க வேண்டும் என்பதை அந்த நோய்தான் அவருக்கும் எனக்கும் கற்றுத் தந்தது.