மாசச் சாமான் லிஸ்ட்டைத் திரும்ப எழுதுங்கள்

பண்ருட்டியில் நம் தெருவிலிருக்கும் அண்ணன்மார், அண்ணிமார், பெரியம்மாக்கள், தம்பி தங்கைகள் எல்லாருக்கும்,

பொங்கலுக்கு வந்து போனேன். எல்லார் வீட்டிலும் சாப்பிட்டேன். கிளம்பும்போது ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள், முந்திரி இன்னும் தீரவில்லை. நன்றியோடுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்க நினைத்தேன். ஆனால் கனடாவில், சாஸ்கட்டூனில் வந்து இறங்கியதிலிருந்து ஒரு வருத்தம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத வரவில்லை. நம் தெருவில் ஒரு வீட்டில்கூட மாசச் சாமான் லிஸ்ட் எழுதுவதில்லை.

"இதுக்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். ஆமாம், இதற்குத்தான்.

வீடு வீடாகக் கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னீர்கள்: "எது தீருதோ அதை அப்பப்ப சொல்லி வாங்கிக்கிறதுதான்." கடைக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போகிறது. பையன் வண்டியில் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறான். பணம் போனிலேயே போய்விடுகிறது. காலையில் பால், பத்து மணிக்குத் தேங்காய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சிப்ஸும் கூல்டிரிங்ஸும், ராத்திரிக்கு தோசை மாவு. ஒரு தடவைக்கு 20 ரூபாய், 40 ரூபாய்; யாருக்கும் உறைக்காத தொகை. இதில் நாளைக்கு 85 ரூபாய் கணக்கில்லாமல் போகிறது என்று வையுங்கள், மாதம் 2,550 ரூபாய். தம்பி வீட்டில் இருபதாம் தேதி தாண்டியதுமே கைமாற்றுப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இன்னொரு வீட்டில் மோதிரம் நகைக்கடனுக்குப் போனது. கல்யாணம் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. சாப்பிட்டே அடகு வைத்திருக்கிறோம்!

அம்மா குடும்பம் நடத்தியது அப்பாவின் ஒரு சம்பளத்தில். இன்று பல வீடுகளில் இரண்டு பேர் சம்பாதிக்கிறீர்கள். மாசக்கடைசி மட்டும் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுகிறது.

நம் தெருவுக்கு மட்டும் வந்த கேடு என்று நான் சொல்லவில்லை. 2023-24இல் மத்திய அரசு எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் வீட்டுச் செலவில் ஏறத்தாழ 47 சதவீதம் சாப்பாட்டுக்குப் போகிறது, நகரங்களில் ஏறத்தாழ 40. சாப்பாட்டுச் செலவுக்குள் முதலிடம் பிடித்திருப்பது பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்கிற வகை; மொத்த வீட்டுச் செலவில் கிராமத்தில் 9.84 சதவீதம், நகரத்தில் 11.09 சதவீதம். அரிசி, கோதுமை என்று தானியம் மொத்தத்துக்கும் சேர்த்துக் கிராமத்தில் 5 சதவீதம்தான் ஆகிறது. விலைவாசி, விலைவாசி என்று அரிசி மூட்டையைப் பார்த்தே அங்கலாய்க்கிறோம். ஓட்டை இருப்பது கேட்டில் மாட்டுகிற அந்தச் சின்னப் பையில்.

லிஸ்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்ததை மறந்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. வருஷச் சாமான், மாசச் சாமான், அன்றாடச் சாமான் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மாசி பங்குனியில் புளி புதுசாக வரும்போதே வருஷத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தார்கள். மிளகாயும் மல்லியும் அதே வெயிலில் காய்ந்து மில்லுக்குப் போயின. மல்லாட்டை வந்ததும் செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டி வைத்தார்கள். அதனால் மாச லிஸ்ட் பாதியாகச் சுருங்கிவிடும். அந்த லிஸ்ட்டையும் அம்மா உள்ளே உட்கார்ந்து எழுதியதில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து, மிச்சம் இருப்பதைக் கழித்துத்தான் எழுதுவாள். கடைக்காரரும் சும்மா கட்டிக் கொடுக்கமாட்டார். "போன மாசம் சீரகம் நூறுதானே, இந்த மாசம் என்ன இருநூறு, விருந்தாளியா?" என்று கேட்பார். பற்று நோட்டில் நம் வீட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் நிறைந்தால் அவருக்கும் கவலை, நமக்கும் கூச்சம். இப்போது கடையிலிருந்து நம்மை யாரும் எதுவும் கேட்பதில்லை. போன் ஒரு சத்தம் போடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நான் கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததற்கு எல்லாரும் சிரித்தீர்கள். ஏன் பார்த்தேன் தெரியுமா? தம்பி வீட்டு அலமாரியில் இருந்த சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் பார்க்க லிட்டர் பாக்கெட் மாதிரியே இருந்தது. பின்னால் 850 மில்லி என்று அச்சடித்திருந்தார்கள். ஆறு பாக்கெட் வாங்கி ஆறு லிட்டர் என்று நினைத்திருக்கிறீர்கள், வந்தது 5 லிட்டர் 100 மில்லி. எண்ணெயை இன்ன அளவு, டீத்தூளை இன்ன அளவு, பிஸ்கட்டை இன்ன அளவு என்றுதான் அடைக்க வேண்டுமென்று முன்பு விதி இருந்தது. 2021இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி அந்த அளவுப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்று பாக்கெட்டின் மேலேயே போட வேண்டும் என்று வைத்தார்கள். அந்தச் சின்ன எழுத்துத்தான் நமக்கு மிஞ்சிய ஒரே ஆயுதம், அதை யாரும் படிப்பதில்லை. இதில் லிட்டரையும் கிலோவையும் வேறு கலந்து விற்கிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும். கிலோ விலையும் லிட்டர் விலையும் ஒன்று என்று வாங்கினால் ஒவ்வொரு தடவையும் ஒரு குழம்பு தாளிக்கிற எண்ணெய்க்கு மேல் நஷ்டம்.

அரிசி மூட்டை 25 கிலோவிலிருந்து 26 கிலோவானது ஏன் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அந்த வரியில் மாட்டாமல் இருக்கத்தான் ஒரு கிலோ கூட்டி அடைத்தார்கள். இது தெரியாமல் பழைய மூட்டை விலையோடு புது மூட்டை விலையை வைத்து "ஏறிப்போச்சு" என்கிறீர்கள். 26ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு ரூபாய் பாக்கெட்டை நான் குறை சொல்லமாட்டேன். ஷாம்புவைச் சின்னச் சின்ன உறையில் அடைத்து விற்கலாம் என்று காட்டிய சின்னி கிருஷ்ணன் நம் கடலூர்க்காரர். அன்றாடக் கூலி வாங்குகிறவருக்கு அன்றாடம் வாங்குவதுதான் முடியும், அந்த மனிதர் செய்தது பெரிய காரியம். ஆனால் ஒன்றாம் தேதி மொத்தமாகச் சம்பளம் வாங்கும் நாம், கூலிக்காரர் வேறு வழியில்லாமல் வாங்குகிற மாதிரி ஏன் வாங்க வேண்டும்? மாதம் முழுக்கத் தொங்குகிற சரம் சரமான காப்பித்தூள் உறையைச் சேர்த்துப் போட்டால் அரைக் கிலோ பொட்டலம் வாங்கிவிடலாம்.

கனடா போனதும் இவளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று யாராவது நினைக்கலாம். இங்கே நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் இந்த நாட்டில் மளிகை விலை ஒரே வருஷத்தில் 11.4 சதவீதம் ஏறியது. 1981க்குப் பிறகு அப்படி ஏறியதில்லை. நான்கு பேர் குடும்பத்துக்கு 2025இல் சாப்பாட்டுச் செலவு 16,833 டாலர் வரை ஆகும் என்று இங்குள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வெளியிடும் அறிக்கை கணித்தது. 2024 மார்ச் மாதம் ஒன்றில் மட்டும் உணவு வங்கிகளுக்கு மக்கள் 20 லட்சம் தடவைக்கு மேல் வந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். டாலர் மரத்தில் காய்க்கிறது என்று நீங்கள் நினைக்கிற ஊர் இது.

நாங்களும் நான்கு பேர்தான். அந்த அறிக்கை சொல்வதற்கு நன்றாகக் கீழே நடத்துகிறோம், இதைப் பெருமையோடே சொல்கிறேன். சாப்பாட்டுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு, அதற்கொரு தனி அட்டை. மாதத்துக்கு நாலு வாரம் என்று பணத்தைப் பிரித்தால் கடைசி இரண்டு மூன்று நாள் தொங்கலில் நிற்கும். அதனால் ஐந்து பங்காகப் பிரிக்கிறோம். முதல் பங்கு கொஞ்சம் பெரியது, மாசச் சாமானும் அதில்தான். மற்ற நாலும் காய்கறி, பால், முட்டைக்கு. கடை அலமாரியில் 100 கிராம் என்ன விலை என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் என் பெண் எதையும் தள்ளுவண்டியில் போடமாட்டாள். மூன்றாம் வாரமே கணக்குக் காலியாகிவிட்டால், இருக்கிற பருப்பும் ரசமும்தான். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் சாப்பிடுவார்கள். இதில் ஒன்றுகூட நான் கனடாவில் கற்றதில்லை. எல்லாம் நம் தெருவில் கற்றது.

பருப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் விளையும் மைசூர்ப் பருப்பில் பெரும்பங்கு இந்த சாஸ்கச்சுவான் மாகாணத்தில்தான் விளைகிறது. ரேஷனில் "கனடா மஞ்சள் பருப்பு" போட்டபோது முணுமுணுத்தீர்களே, அந்தக் கனடாவில்தான் நான் இருக்கிறேன். ஆகஸ்டில் ஊருக்கு வெளியே கார் ஓட்டிப் போனால் இரண்டு பக்கமும் அறுப்பு நடக்கும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இது எத்தனை கடல் தாண்டி எந்த அடுப்பில் வேகப் போகிறதோ என்று நின்று பார்ப்பேன். நம் மாநிலத்தில் கார்டுக்கு அரிசி இலவசம். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் துவரம்பருப்பு 100 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்குமா? ஆனால் "ரேஷன் பருப்பு வேகாது" என்று வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த அக்கா வீட்டில் மட்டும் எப்படி வேகிறது? ஒரு மணி நேரம் ஊறவைத்தால் எல்லார் வீட்டிலும் வேகும்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. பெரியம்மா, நீங்கள் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது நான் உங்களோடு இருந்தேன். அந்த வருஷம் லிஸ்ட்டில் எது எது அடிபட்டது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காப்பித்தூள் பாதியானது, உளுந்து பாதியானது, முந்திரி விளையும் ஊரில் முந்திரி என்கிற வரியே இல்லாமல் போனது. ஆனால் தெருவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, மோதிரமும் அடகுக்குப் போகவில்லை. அடுத்த தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்த்து நீங்கள் பருப்பு எழுதினீர்கள். எழுதி வைத்திருந்ததால்தான் எதைக் குறைப்பது, யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்தது.

2015 நவம்பரில் நம் பக்கத்து விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் நம் தெருவிலும் வெள்ளம் புகுந்தபோது நான் இல்லை. இங்கே பனியில் நின்றுகொண்டு போனில் படம் பார்த்தேன். உங்கள் வீட்டுச் சமையலறைகளில் முழங்கால் தண்ணீர், நான் பணம் அனுப்பினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அப்பாவின் கடைசி வருஷங்களிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது, ராத்திரி விழித்திருந்தது எல்லாம் தம்பியும் அண்ணியும் நீங்களும். இத்தனையும் செய்தவர்களிடம் எண்ணெய் பாக்கெட் கணக்குப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்டால் பதில் இல்லை. உரிமை இல்லாமல்தான் கேட்கிறேன். கடல் தாண்டி இருப்பவளுக்கு ஊர் கடனில் விழுவதைப் பார்க்கிற தைரியம் இல்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். வரும் ஒன்றாம் தேதி ஒரு மாதத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். டப்பாக்களைத் திறந்து பார்த்து லிஸ்ட் எழுதுங்கள். அண்ணிமார் மட்டும் உட்கார வேண்டாம், அண்ணன்மாரும் உட்காருங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு கிராம் விலையைப் படிக்கச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் ஆயிற்று. அவர்கள் தின்பண்டத்தையும் லிஸ்ட்டிலேயே ஒரு வரியாகப் போடுங்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். நடுவில் எது வாங்கினாலும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். கடைக்காரரிடம் சொல்லுங்கள், குரல் பதிவு வந்தால் "லிஸ்ட்டில் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர் பழைய ஆள், கேட்பார். புளி வரும் சமயம் இது, நாலு வீடு சேர்ந்து வாங்கினால் மொத்த விலைக்கே கிடைக்கும்.

தம்பி, உனக்குத் தனியாக ஒன்று. அம்மா மருந்துக்கு நான் அனுப்புவதைச் சாமான் செலவில் கலக்காதே, அது மருந்துக்கு. மாசச் சாமானுக்குப் பற்றவில்லை என்றால் கைமாற்றுக் கேட்டுப் போகாதே. லிஸ்ட்டை முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்த வரியில் பற்றவில்லையோ அந்த வரிக்கு நான் அனுப்புகிறேன்.

உங்கள் வீட்டுப் பெண்,
சாஸ்கட்டூனிலிருந்து